கோவை இலையிடம் கேட்ட கேள்விகள்

1675 ஏப்ரலில் கொச்சியில் சில வைத்தியர்கள் தாங்கள் சொன்னவற்றுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார்கள். கொங்கணி பிராமணர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் மூவரும் தேவநாகரியில் எழுதித் தந்தார்கள். சேர்த்தலைக்குப் பக்கத்தில் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதித் தந்தார். மலபார் மண்ணில் வளரும் செடிகளின் பெயரையும் குணத்தையும் தாங்கள்தான் சொன்னோம் என்றும், ஏடுகளில் படித்ததையும் நெடுநாள் வைத்தியத்தில் கண்டதையுமே சொன்னோம் என்றும் அந்தச் சான்றுகள் கூறின. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் தளபதி ஹென்ட்ரிக் வான் ரீடு அவற்றைத் தன் நூலின் முதல் தொகுதியிலேயே அச்சிட்டார். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்து, 742 செடிகளைப் படத்தோடு பதிவு செய்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’தான் அந்த நூல்.

அதன் எட்டாம் தொகுதியில் பூசணிக் குடும்பத்துக் கொடிகள் வருகின்றன. அவற்றில் ஒன்று ‘கோவெல்’. நம்மூர் வேலிகளில் தானாகப் படரும் கோவைதான் அது. மலையாளிகள் அதன் காயைக் கோவய்க்க என்று அழைத்து, மெழுக்குபுரட்டி என்ற பொரியல் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் கொவ்வை என்கிறார்கள். அதே கொடியின் இலைக்கு இன்று இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது: சர்க்கரையைக் குறைக்கும் இலை.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். பஜார் சாலைக் கிடங்குகளில் இஞ்சியும் மிளகும் இன்றும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. மாறிப்போனது நோயின் அளவு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நாடு முழுவதற்கும் விகிதம் 11.4 சதவீதம். கேரளத்தில் மட்டும் அது 25.5 சதவீதம். பெரியவர்களில் நான்கில் ஒருவர் என்றால், ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர். அந்த வீட்டுக்கு யாராவது ஒரு கட்டு இலையோடு வந்து, “இதைத் தினமும் சாப்பிடுங்கள்” என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

அந்தச் சொல்லை எப்படிச் சோதிப்பது? கோவை இலையை வைத்து இதை விளக்கலாம். சோதனைக் குழாய், எலி, மனிதர் என்ற எல்லாப் படிகளையும் ஏறிப் பார்த்த செடிகளில் அது ஒன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. அந்த விடை அந்தப் படியில் கேட்ட கேள்விக்கு மட்டுமே பொருந்தும். மூலிகையைப் பற்றி நம் காதில் விழும் குழப்பங்களில் பெரும்பாலானவை, ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை வேறொரு கேள்விக்கு எடுத்து ஒட்டுவதால் வருபவை.

எந்தக் கொடி, எந்த இலை?

முதல் கேள்வி வேதியியலுக்கு முந்தையது. கையில் இருப்பது கோவைதானா? ஆய்வு செய்பவர் பூவும் காயுமாக ஒரு கொடித்துண்டைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்து, உலர் தாவரத் தொகுப்பில் எண் போட்டு வைக்க வேண்டும். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். இந்த எண் இல்லாத ஆய்வில் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அது எந்தச் செடியைப் பற்றியது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோவைக்கு இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. ஆய்விதழ்களில் இது காக்சினியா இண்டிகா, காக்சினியா கார்டிஃபோலியா, செஃபலாண்ட்ரா இண்டிகா என்று பல பெயர்களில் வந்திருக்கிறது. இன்று ஏற்கப்பட்ட பெயர் காக்சினியா கிராண்டிஸ். பழைய பெயர்களைத் தெரியாதவர் பாதி ஆய்வுகளைக் காணாமலே போவார். ரீடு பதிந்த மலபார்ப் பெயர்களை இன்றைய தாவரவியல் பெயர்களோடு பொருத்தும் வேலைக்கே தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008இலும் வந்தன.

இன்னொன்றும் உண்டு. கோவையில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. வேலியில் படரும் கசப்புக் கோவை ஒன்று, தண்டு நட்டு வளர்க்கும் காய்கறிக் கோவை இன்னொன்று. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘சுலபா’ ரகம் இரண்டாவது வகை. மண், பருவம், இலையின் வயது, உலர்த்திய விதம் ஆகிய எல்லாமே இலையில் உள்ள வேதிப்பொருள்களின் அளவை மாற்றும். எதில் ஊற வைத்தோம் என்பதும் முக்கியம். தண்ணீர் ஒரு தொகுதிப் பொருள்களை இழுக்கும், எத்தனால் வேறொரு தொகுதியை இழுக்கும். எத்தனாலில் இறக்கிய சாற்றுக்குக் கிடைத்த பலன், தண்ணீரில் வேக வைத்து வடித்த கீரைக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஊதா மஞ்சளாகும்போது

இலைச்சாறு கிடைத்ததும் பல ஆய்வகங்கள் முதலில் செய்வது ஆன்டி-ஆக்சிடன்ட் சோதனை. அதற்குக் காரணம், அது எளிது, மலிவு, கண்ணால் பார்க்கவும் முடியும். டிபிபிஎச் என்ற பொருளின் கரைசல் அடர் ஊதா நிறத்தில் இருக்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று உண்டு. அப்படிப்பட்டதைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். இலைச்சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால் எலக்ட்ரான் ஜோடி சேர்ந்துவிடும், ஊதா மறைந்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் நிறம் எவ்வளவு குறைந்தது என்று கருவி அளந்துவிடும். நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்ற எண்ணுக்கு ஐசி50 என்று பெயர். எண் சிறியதாக இருந்தால் சாறு வலியது.

இந்தச் சோதனையில் ஏறக்குறைய எந்தப் பச்சை இலையும் தேறிவிடும். தேயிலை, கறிவேப்பிலை, கொய்யா இலை, மாவிலை என எதை எடுத்தாலும் பாலிஃபீனால் இருக்கும், நிறம் மாறும். அதனால் “இந்த இலைக்கு ஆன்டி-ஆக்சிடன்ட் சக்தி உண்டு” என்ற வாக்கியம் அந்த இலையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாற்றின் ஐசி50 மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அந்தச் செறிவை இரத்தத்தில் எட்ட வேண்டுமானால் 500 மில்லிகிராம் சாறு சிறிதும் சிதையாமல், ஒரே நேரத்தில், இரத்தத்தில் மிதக்க வேண்டும். உடலில் அப்படி நடப்பதில்லை. பாலிஃபீனால்களில் பெரும்பகுதி குடலிலேயே நின்றுவிடும். உள்ளே போவதையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறு வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். குழாயில் ஊதாவை அழித்த அதே மூலக்கூறு இரத்தத்துக்குள் அதே வடிவில், அதே அளவில் வந்து சேர்வதே அரிது.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஆன்டி-ஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. உணவுகளின் ஆன்டி-ஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியல் ஒன்றை அமெரிக்க வேளாண்துறை இணையத்தில் வைத்திருந்தது. குழாயில் கிடைக்கும் அந்த எண்ணுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி 2012இல் அதை நீக்கிவிட்டது. ஆகவே ஊதா மஞ்சளானது என்ற செய்தியை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துப் புட்டியின் லேபிளில் அச்சிடும் தகுதி அதற்கு இல்லை.

சோறு சர்க்கரையாகும் இடம்

அடுத்த சோதனை நீரிழிவுக்கு இன்னும் நெருக்கமானது. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்து ஒரு பூச்சரம் போன்றது. அதில் கோத்திருக்கும் ஒவ்வொரு பூவும் ஒரு குளுக்கோஸ். உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள ஆல்பா அமைலேஸ் என்ற நொதி சரத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. சிறுகுடற் சுவரில் உள்ள ஆல்பா குளுக்கோசிடேஸ் அந்தத் துண்டுகளிலிருந்து பூக்களை ஒவ்வொன்றாக உதிர்க்கிறது. உதிர்ந்த குளுக்கோஸ்தான் இரத்தத்துக்குப் போகும். இந்த நொதிகளின் வேகத்தைக் குறைத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை திடீரென ஏறாமல் மெதுவாக ஏறும். அகார்போஸ் என்ற மருந்து இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

ஆய்வகத்தில் நொதியையும் இலைச்சாற்றையும் கலந்து, நொதி வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். மஞ்சள் குறைந்தால் நொதி தடைபட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நொதி வேலை செய்வது குடலில். இலைச்சாறு இரத்தத்துக்குள் போகாவிட்டாலும் குடலுக்குப் போய்ச் சேரும். தேவையான செறிவு அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் இங்கும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஆய்வகங்கள் எளிதாக வாங்கும் ஆல்பா குளுக்கோசிடேஸ் பெரும்பாலும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது. அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் நொதியை வலுவாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியை மிகப் பலவீனமாகவே தடுக்கும். ஈஸ்ட் நொதியை வைத்துச் சோதித்தால் எத்தனையோ இலைகள் அகார்போஸைவிட வலியவையாகத் தெரியும். “மருந்தைவிடச் சக்தி வாய்ந்த மூலிகை” என்ற தலைப்புகளில் சில இப்படித்தான் பிறக்கின்றன. எந்த நொதி, எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால் அந்தத் தலைப்பு நிற்காமல் போகலாம்.

இரண்டாவது கண்ணி துவர்ப்பு. இலையில் உள்ள டானின்கள் கையில் கிடைத்த எந்தப் புரதத்தையும் பிடித்துத் திரள வைக்கும். வாயில் துவர்ப்பு தெரிவதே, அவை உமிழ்நீர்ப் புரதங்களைப் பிடிப்பதால்தான். நொதியும் ஒரு புரதம். துவர்ப்பான எந்தச் சாறும் எந்த நொதியையும் தடுத்ததாகக் காட்டும். கவனமுள்ள ஆய்வாளர் டானினை நீக்கிவிட்டு மறுபடி சோதிப்பார், நீரிழிவுக்குத் தொடர்பில்லாத வேறொரு நொதியையும் வைத்துப் பார்ப்பார்.

எலிகள் தந்த விடை

அடுத்த படி உயிருள்ள உடல். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற பொருளை ஊசியில் செலுத்தினால் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழியும், சர்க்கரை ஏறும். பிறகு இலைச்சாற்றைக் கொடுத்து அளப்பார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வெங்கடேஸ்வரனும் பாரியும் கோவை இலையை இப்படித்தான் சோதித்தார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற கணக்கில் எத்தனால் சாற்றை 45 நாள் வாய்வழியே கொடுத்தார்கள். கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடுவதைக் காட்டும் அடையாளப் பொருள்கள் குறைந்தன. உடல் தானே தயாரிக்கும் காவல் பொருள்களான குளுட்டாதயோன், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகியவை கூடின. 2003இல் வெளியான ஆய்வு இது.

குழாய்ச் சோதனையைவிட இது எவ்வளவோ மேல். உடலுக்குள் நடந்ததை இது அளந்திருக்கிறது. ஆனால் இந்த விடையைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை அதிகமானால், அதுவே செல்களுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்கும். சர்க்கரையை எந்த வழியில் குறைத்தாலும், இன்சுலினால் குறைத்தாலும்கூட, ஃப்ரீ ராடிக்கல் தொல்லையும் குறையும். அப்படியானால் கோவை இலை ஆன்டி-ஆக்சிடன்டாக நேரடியாக வேலை செய்ததா, அல்லது சர்க்கரை குறைந்ததன் விளைவாக அந்த எண்கள் சீரானதா? “சர்க்கரையைக் குறைக்கிறது, ஆன்டி-ஆக்சிடன்டாகவும் செயல்படுகிறது” என்று இரண்டு பலன்களாகப் படிப்பது உண்மையில் ஒரே பலனின் இரண்டு முகங்களாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, மற்றொரு வழியில் அதே அளவு சர்க்கரை குறைந்த எலிகளோடு ஒப்பிட வேண்டும்.

கோவை எப்படி வேலை செய்யக்கூடும் என்பதற்கும் எலிகள் ஒரு தடயம் தந்தன. வெறும் வயிற்றில் இருக்கும்போது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்து இரத்தத்தில் விடும். அந்தத் தயாரிப்பில் பங்கேற்கும் இரண்டு நொதிகளின் செயல் கோவைச் சாற்றால் குறைவதாக 1993இல் ஷிபிப் முதலானோர் கண்டார்கள்.

எலியின் அளவை மனிதருக்கு மாற்றுவதும் ஒரு கலை. ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பதை 60 கிலோ மனிதருக்கு அப்படியே பெருக்கினால் 12 கிராம் வரும். உடலின் மேற்பரப்பை வைத்துக் கணக்கிடும் வழக்கமான முறையில் 6.2ஆல் வகுத்தால் சுமார் 2 கிராம்தான் வரும். ஆறு மடங்கு வேறுபாடு. வீட்டில் தானாகவே அளவு போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. இதைவிடப் பெரிய வேறுபாடு நோயிலேயே இருக்கிறது. பீட்டா செல்களை ஒரே ஊசியில் இழந்த எலியும், இருபது ஆண்டுகளாக இன்சுலினுக்கு மெல்ல மெல்ல மசியாமல் போன மனித உடலும் ஒன்றல்ல.

மனிதர்களிடம்: 1925 முதல்

கோவையின் கதை இங்கேதான் உண்மையில் சுவையாகிறது. வங்காளத்தில் தெலாகுச்சா என்ற பெயரில் அது நீரிழிவு மருந்தாகப் பெயர் பெற்றிருந்தது. இன்சுலின் கண்டறியப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1925இல், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ராவும் போஸும் அந்தப் பெயரைச் சோதித்தார்கள். புதுச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்து இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளந்தார்கள். குறையவில்லை. இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படும் சோப்ரா, நாட்டு மருந்துகளின் மேல் அக்கறையோடு வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். குறையாததைக் குறையவில்லை என்றே எழுதி வெளியிட்டார். அந்த நேர்மைதான் அறிவியலின் முதுகெலும்பு.

கதை அத்தோடு முடியவில்லை. டாக்காவில் அசாத் கான் முதலானோர் உலர்த்திய கோவை இலையை மாத்திரையாக்கி 32 நோயாளிகளிடம் 6 வாரம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு இலை மாத்திரை, மறு பகுதியினருக்கு அதே தோற்றத்தில் மருந்தற்ற மாத்திரை. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, அளக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இலை எடுத்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 1980இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 2003இல் டயாபடீஸ் கேர் இதழில் வந்த ஒரு மதிப்பாய்வு, நீரிழிவுக்கான மூலிகைகளையும் சத்து மாத்திரைகளையும் பற்றிய 108 சோதனைகளை அலசியது. ஒழுங்காக வடிவமைத்த சோதனைகளின் அடிப்படையில் சிறந்த ஆதாரம் இருப்பதாக அது குறிப்பிட்ட மூலிகைகள் இரண்டு: அமெரிக்க ஜின்செங், நம் கோவை.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரெபெக்கா குரியன் குழுவினர் அடுத்த படியை எடுத்தார்கள். புதிதாக நீரிழிவு தெரியவந்து, உணவுக் கட்டுப்பாடும் வாழ்க்கைமுறை மாற்றமும் மட்டுமே போதும் என்ற நிலையில் இருந்த 60 பேர். எல்லோருக்கும் ஒரே உணவு, உடற்பயிற்சி அறிவுரை. பாதிப் பேருக்குத் தினம் 1 கிராம் கோவையின் ஆல்கஹால் சாறு, மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரை. 90ஆம் நாள் கோவை எடுத்தவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 16 சதவீதமும், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 18 சதவீதமும் குறைந்திருந்தன. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் மருந்தற்ற குழுவோடு ஒப்பிடக் குறைந்திருந்தது. கொழுப்பில் மாற்றம் இல்லை. 2008இல் இது வெளியானது.

மருந்தற்ற மாத்திரை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. நீரிழிவு என்று தெரிந்ததும் மனிதர் மாறிவிடுகிறார். சீனியைக் குறைப்பார், நடப்பார், அளக்கப் போகும் வாரத்தில் கூடுதல் கவனமாக இருப்பார். தவிர, சர்க்கரை உச்சத்தில் இருந்த நாளில்தான் பலரும் பரிசோதனைக்குப் போகிறார்கள். அடுத்த முறை அளக்கும்போது எதுவும் செய்யாமலேயே சற்றுக் குறைந்திருக்கும். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் இந்தக் குறைவு முழுவதும் இலையின் கணக்கில் ஏறிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சிறுகுறிஞ்சான் இலைச்சாற்றை 22 நோயாளிகளுக்கு 18 முதல் 20 மாதம் கொடுத்துப் பார்த்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பேரால் வழக்கமான மருந்தையே நிறுத்த முடிந்தது. மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் யாருக்கு எது என்று மறைக்கப்படாத சோதனை அது. எவ்வளவு இலையால், எவ்வளவு மற்றவற்றால் என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

இலங்கையில் நடந்த ஒரு சோதனை என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஏனென்றால் அது சமையலறையின் கேள்வியைக் கேட்டது. 20 கிராம் கோவை இலையைத் தேங்காய்த் துருவலோடும் உப்போடும் கலந்து, அங்கே மல்லுங் என்று வீடுகளில் செய்வதைப் போலவே, ஆரோக்கியமான 61 பேர் பங்கேற்ற சோதனையில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் அளந்தபோது, இலை சாப்பிட்டவர்களின் சர்க்கரை மற்றவர்களைவிடக் குறைவாக ஏறியிருந்தது. 2011இல் இது வந்தது. பத்தாண்டு கழித்து ருகுணப் பல்கலைக்கழகத்தினர், புதிதாக நோய் கண்டவர்களிடம் கோவை மாத்திரையை மூன்று மாதம், மருந்தற்ற மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, எச்பிஏ1சி குறைவதைக் கண்டார்கள்.

கல்கத்தாவில் பலிக்காதது டாக்காவிலும் பெங்களூரிலும் எப்படிப் பலித்தது? புதுச் சாறும் உலர் இலையும் ஆல்கஹால் சாறும் வெவ்வேறு பொருள்கள். 1925இன் நோயாளிகளும் தொடக்க நிலையில் இருந்த 2008இன் நோயாளிகளும் வெவ்வேறு நிலையினர். அளக்கும் முறையும் மாறிவிட்டது. முரண்பட்ட விடைகளில் ஒன்றை மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

இன்று என்ன சொல்லலாம்?

கோவை இலைக்குச் சர்க்கரையை ஓரளவு குறைக்கும் தன்மை இருக்கிறது என்று நம்பக் காரணம் உண்டு. தொடக்க நிலை நோயாளிகளிடம், மூன்று மாத அளவில், அளவிடப்பட்ட சாற்றைக் கொண்டு அது காட்டப்பட்டிருக்கிறது. மாரடைப்பையோ, சிறுநீரகச் சிதைவையோ, கண் பார்வை இழப்பையோ அது தடுக்கும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. இந்தக் கேடுகளைத் தடுப்பதுதான் நீரிழிவு மருத்துவத்தின் இறுதி நோக்கம். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினும் ஒரு மூலிகையிலிருந்து கிளைத்த மருந்துதான். ஐரோப்பியர் பயன்படுத்திய கலேகா என்ற செடியின் குவானிடின் பொருள்களிலிருந்து தொடங்கிய தேடல் 1922இல் மெட்ஃபார்மினைத் தயாரித்தது, 1957இல் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளிடம் கொண்டு வந்தார். ஆனால் அதற்குரிய பெரும் மதிப்பு 1998இல், பிரிட்டனில் எடை மிகுந்த நோயாளிகளைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, மரணமே 36 சதவீதம் குறைந்ததைக் காட்டிய பிறகுதான் வந்தது. செடியிலிருந்து மருந்துக்கு அவ்வளவு நீண்ட பாதை.

ஆகவே கோவை இலையைச் சமையலில் சேர்ப்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் இன்சுலினையும் மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மூலிகைச் சாற்றையும் பொடியையும் சேர்த்து எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் அளந்து பார்த்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பூசணிக் குடும்பத்தில் கசப்புக்கு எச்சரிக்கையும் தேவை. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் கடுமையாக நோயுற்று, உயிரிழந்ததும் உண்டு. அதை ஆராய ஐசிஎம்ஆர் ஒரு நிபுணர் குழுவையே அமைத்தது. கசப்பு என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்ற எண்ணம் உயிருக்கு உலை வைக்கும்.

ஒரு மூலிகையைப் பற்றி அடுத்த முறை கேள்விப்படும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படித் தயாரித்தது? குழாயிலா, எலியிலா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டு? நோயின் அடையாளம் குறைந்ததா, நோயால் வரும் கேடு குறைந்ததா?

கோவை இலை மூன்றாம் கேள்வி வரை வந்து நிற்கிறது. நான்காவதை யாரும் இன்னும் கேட்கவில்லை. அதற்குக் காரணமும் வெளிப்படையானது. பல நூறு பேரை, பல மருத்துவமனைகளில், பல ஆண்டுகள் பின்தொடர நிறையப் பணம் வேண்டும். வேலியில் இலவசமாகப் படரும் கொடிக்குக் காப்புரிமை வாங்க முடியாது. லாபம் வராத இடத்தில் எந்த மருந்து நிறுவனமும் அந்தப் பணத்தைப் போடாது. ஆகவே இது பொதுப் பணத்தால் மட்டுமே நடக்கக்கூடிய வேலை. சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது, டெல்லியில் ஐசிஎம்ஆர் இருக்கிறது. நான்கில் ஒருவர் நீரிழிவோடு வாழும் கேரளத்தின் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தச் சோதனையில் கோவையை மருந்தற்ற மாத்திரையோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. வேறொரு சாதாரணக் கீரையோடும் ஒப்பிட வேண்டும். எந்தக் கீரையும் நார்ச்சத்தால் சர்க்கரை ஏறுவதைச் சற்றுத் தணிக்கும், கோவைக்கு அதற்கு மேல் ஏதாவது உண்டா என்பதே நமக்குத் தெரிய வேண்டியது. உண்டு என்று வந்தால், ஏழை வீட்டுக்கும் எட்டும் ஒரு துணை மருந்து கிடைக்கும். இல்லை என்று வந்தால், சோப்ராவைப் போல அதையும் எழுதி வெளியிட வேண்டும். இரண்டு விடையும் மக்களுக்கு நன்மைதான். இந்தச் சோதனையை நம் நிறுவனங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, வரி கட்டும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் இருக்கிறது.